பேசணும் என்றால் திட்டணுமா? அயல்மண் நட்பும் அதன் நகைச்சுவையும்

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகேறிப் போயிருந்த ஓர் ஆண்டில், கொடியேற்றம் முடிந்த மாலையில், எங்கள் படகில் வந்திருந்த பாம்பன் பெரியவர் ஒருவர் மறுகரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவை அணுகி, "உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்மா" என்றார். அந்த அம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. "எனக்கு ஏன் பேசப்போறியள்? நான் என்ன பிழை செய்தனான்?" என்று அவர் கேட்க, பெரியவர் திகைத்து நின்றார். யாழ்ப்பாணத் தமிழில் ஒருவருக்குப் பேசுவது என்றால் அவரை ஏசுவது. உரையாடுவதைக் கதைப்பது என்றுதான் சொல்ல வேண்டும். நம் கரையிலோ கதைவிடுகிறவனை எவரும் நம்புவதில்லை. பெரியவர் கேட்க விரும்பியது, நெடுந்தீவுப் பக்கம் இந்தப் பருவத்தில் மீன்பாடு எப்படி என்பதை மட்டுமே. பக்கத்தில் நின்ற ஒரு பையன் இரண்டு சொற்களையும் விளக்கியதும் எழுந்த சிரிப்பு, அன்றிரவு அந்த இரண்டு குடும்பங்களையும் ஒரே பாயில் உட்கார வைத்தது.

1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கச்சத்தீவு இலங்கையைச் சேர்ந்தது. யாத்திரையாக வரும் இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதில்லை என்று அதே உடன்பாடு இடம் தந்திருந்தாலும், அங்கே கால் வைக்கும் இராமேசுவரத்துக்காரர் அயல்நாட்டில்தான் கால் வைக்கிறார். அயல்நாட்டில் எதிர்பாராமல் அமையும் நட்பைக் கதையாகக் கொண்ட நகைச்சுவைப் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அத்தகைய படங்களை உள்ளிருந்து இயக்குவது எது என்பதையும், கடல் கடப்பதையே பிழைப்பாகக் கொண்ட இந்தக் கரைக்கு அவை ஏன் இவ்வளவு நெருக்கமானவை என்பதையும் விளக்குவதே என் நோக்கம்.

சொந்த ஊரில் ஒருவருக்கு முன்பின் தெரியாதவரின் உதவி அநேகமாகத் தேவைப்படுவதில்லை. தெருப் பெயரைச் சொன்னால் வீடு தெரியும். தகப்பன் பெயரைச் சொன்னால் கடன் கிடைக்கும். விமானமோ கப்பலோ வேறொரு மண்ணில் இறக்கிவிட்ட மறுநொடியில் இந்தச் செல்வாக்கு முழுவதும் செல்லாக் காசாகிவிடுகிறது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பதற்குக்கூட இன்னொருவர் தயவு வேண்டும். அந்தத் தயவிலிருந்துதான் நட்பு முளைக்கிறது. ஆனால் நகைச்சுவை அங்கிருந்து வருவதில்லை. உதவி தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் ஒரு மனிதன் காட்டும் வீம்பிலிருந்து அது வருகிறது. வழி தெரியாதவன் வழி தெரிந்தவனைப் போல நடப்பதும், மொழி புரியாதவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும், பசித்திருப்பவன் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வதும்தான் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. வீம்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு நேரம் படம் நகைச்சுவையாக இருக்கிறது. அது உடையும் இடத்தில் நட்பு தொடங்குகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த இயக்குநர்களின் படங்கள் மனத்தில் நிற்கின்றன.

என் கணக்கில் இந்த வகையின் ஆகச் சிறந்த இந்தியப் படம் மலையாளத்தில் 2018இல் சக்கரியா இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. மலப்புறம் மாவட்டத்து எழுவர் கால்பந்தாட்டக் குழு ஒன்றுக்காக நைஜீரியாவிலிருந்து வந்து ஆடும் சாமுவேல், அடிபட்டுக் கிடக்கும்போது, குழுவின் மேலாளர் மஜீத் அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து படுக்க வைக்கிறான். மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். அன்பினால் அல்லாமல் பணமுடையினால் அந்த வீட்டுக் கதவு திறக்கிறது என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் உண்மை வாழ்க்கையிலும் பெரும்பாலான நட்புகள் இப்படி ஏதோ ஒரு நெருக்கடியின் ஓரமாகத்தான் உள்ளே வருகின்றன. அதன்பின் கதையைத் தூக்கிச் செல்பவர்கள் மஜீதின் தாயும் பக்கத்து வீட்டு மூதாட்டியும். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. சாமுவேலுக்கு மலையாளம் வராது. இருந்தாலும் அவனுக்குச் சோறு போடுகிறார்கள், அவன் பாட்டியைப் பற்றிக் கேட்டுக்கொள்கிறார்கள், அவனுக்காக வேண்டிக்கொள்கிறார்கள்.

தலைப்பிலேயே ஒரு தவறு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஆடவரும் ஆப்பிரிக்க வீரர் எவராக இருந்தாலும் அவர் 'சுடானி', அதாவது சூடான்காரர், என்றே அழைக்கப்படுகிறார். தான் நைஜீரியாக்காரன் என்று சாமுவேல் எவ்வளவு சொன்னாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை. இதில் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது சாமுவேல் மேல் விழவில்லை. ஒரு கண்டத்தையே ஒற்றைப் பெயரில் அடைத்துவிட்ட ஊரின் மேல் விழுகிறது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நம் கரைக்காரர் எவரும் இதைச் சட்டெனப் புரிந்துகொள்வார், ஏனெனில் அங்கே வடநாட்டாருக்கு அவர் வெறும் 'மதராசி'யாக இருந்திருப்பார். ஊருக்கு வந்ததும், அவர் ரியாத்தில் இருந்தாரா மஸ்கட்டில் இருந்தாரா என்று கேட்காமலே அவரைத் 'துபாய்க்காரர்' என்று அழைத்திருப்பார்கள். அயலாரின் நிறம், உச்சரிப்பு, உணவு ஆகியவற்றைக் காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. தமிழ்ப் படங்களில் அது நிறையவே நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட காட்சியில் நட்புக்கு இடமே இல்லை. ஒருவன் எப்போதும் கேலிப்பொருளாகவே இருந்தால் அவன் எவருக்கும் தோழன் ஆக முடியாது.

உதவி பெறுகிறவருக்கும் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்பது அடுத்த தேவை. கௌரி ஷிண்டே இயக்கத்தில் 2012இல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தில் சசி என்னும் இல்லத்தரசி நியூயார்க் காபிக் கடையொன்றில் சரியாகக் கேட்டு வாங்கத் தெரியாமல் எல்லார் முன்பும் அவமானப்படுகிறாள். பிறகு நான்கு வார ஆங்கில வகுப்பில் சேர்கிறாள். அங்கே பிரெஞ்சுச் சமையற்காரரும், பாகிஸ்தானிய டாக்சி ஓட்டுநரும், தமிழ்ப் பொறியாளரும் இன்னும் சிலரும் ஒரே பெஞ்சில் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். எவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மொழியில் எல்லாரும் சமமாகத் தடுமாறுவதால் அந்த வகுப்பறையில் மேல் கீழ் இல்லை. ஆயினும் சசி வெறும் மாணவியாக மட்டும் இருந்திருந்தால் படம் பாதி வழியிலேயே நின்றிருக்கும். அவளுக்கு லட்டுப் பிடிக்கத் தெரியும். பிரெஞ்சுக்காரர் தொழில்முறைச் சமையற்காரர். ஆகவே கைத்தொழில் தெரிந்த இருவராக அவர்களால் ஒருவரையொருவர் மதிக்க முடிகிறது. ஒரு காட்சியில் அவர் பிரெஞ்சிலும் அவள் தன் தாய்மொழியிலுமாக மனத்தில் இருப்பதைச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல் ஒன்றும் புரியவில்லை, செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2014இல் வந்த 'குயின்' இந்திப் படத்திலும், திருமணம் நின்றுபோனதால் தேனிலவுக்குத் தனியாகப் புறப்பட்டு ஆம்ஸ்டர்டாம் விடுதியில் மூன்று அயல்நாட்டு இளைஞர்களோடு ஒரே அறையில் தங்க நேர்ந்த தில்லிப் பெண், பானிபூரி செய்து விற்கும்போதுதான் தன் காலில் நிற்கிறாள். லட்டும் பானிபூரியும் வெறும் உணவுக் காட்சிகளுக்காக வந்தவை என்று நான் நினைக்கவில்லை. கடன்பட்டவளாக இருந்த பெண் சமமானவளாக மாறும் இடங்கள் அவை.

தமிழ்த் திரை அயல்நாட்டுக்குப் போகாமல் இல்லை. 1973இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்று சுற்றிப் படமாக்கப்பட்டது; அதன் பிறகு சுவிட்சர்லாந்து மலைச்சரிவுகளும் ஐரோப்பியத் தெருக்களும் நம் பாடல்களுக்குப் பழகிய இடங்களாயின. ஆனால் அந்தப் பாடல்களில் அந்த நாட்டு மக்கள் பெரும்பாலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டுமே. நாயகனுக்கு அங்கே வழி கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. எவருடைய தயவும் தேவைப்படாத பயணியோடு எவரும் நட்புக்கொள்ள முடியாது. 2003இல் வந்த இரண்டு படங்கள் இதற்கு விலக்கு. ஆஸ்திரேலியாவுக்குப் போன பாலக்காட்டுச் சமையற்காரன், விசாவுக்காக ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொள்ள நேரும் கதை 'நள தமயந்தி'. 'அன்பே சிவம்' நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. மழையால் விமானம் ரத்தாகிப் புவனேசுவரத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு தமிழர்கள் சென்னைக்கு வந்துசேர்வதுதான் கதை. இருந்தாலும் ஒடிசாவிலேயே ஒருவர் அயல்நாட்டானைப் போல உதவியற்று நிற்க முடியும் என்று காட்டியதால், எல்லை தாண்டும் பல படங்களைவிட இந்த வகைக்கு அது நெருங்கி வருகிறது.

இனி நம் கரைக்கு வருகிறேன். இங்கே அயல்நாடு என்பது ஒரு காலத்தில் ரயில் பயணத்தின் நீட்சியாக இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கினார். இர்வின், கோஷன் என்னும் அந்தக் கப்பல்களின் பெயர்கள் இன்றும் இப்பகுதி முதியவர்களின் பேச்சில் வரும். வணிகரும் யாத்திரிகரும் தோட்டத் தொழிலாளரும் அந்தச் சில மணி நேரம் ஒரே தளத்தில் ஒரே உப்புக்காற்றில் நின்றார்கள். எல்லாரும் சமமாக நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்துக்குப் போகும் கூலிகள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு மருத்துவச் சோதனை முடிந்த பிறகே அனுப்பப்பட்டார்கள். ஆனால் கடல் கொந்தளித்தால் வாந்தி எல்லாருக்கும் வரும்; முதல் வகுப்புப் பயணிக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் இருப்பார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியையும் அதன் துறையையும் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலையும் சேர்த்தே கொண்டுபோனது. அதன் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பல் போக்குவரத்தும் 1980களின் இனப்போரோடு நின்றுபோனது.

கடல்வழி அடைபட்டாலும் பயணம் நிற்கவில்லை. திசை மட்டும் மாறியது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் பிழைப்புக்காக வெளிநாட்டில் இருப்பவரைச் 'சபராளி' என்பார்கள். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. மரக்கலங்களில் முத்தும் சங்கும் ஏற்றிச் சென்ற மரக்காயர்களின் காலத்துக்குப் பின், இந்தச் சொல் இன்று வளைகுடா நாட்டு அறையொன்றில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருக்கும் இளைஞனுக்கும் பொருந்துகிறது. அந்த அறையைத் திரையில் முழுமையாகக் காட்டிய தமிழ்ப் படம் எதையும் நான் பார்த்ததில்லை, அது எனக்குத் தீராத குறையாகவே இருக்கிறது. ஆறு பேர், எட்டுப் பேர் தங்கும் அறை; ஒருவர் கீழக்கரை, ஒருவர் மலப்புறம், ஒருவர் பெஷாவர், ஒருவர் சிட்டகாங். சமையல் முறை வைத்து நடக்கும். பெஷாவர்க்காரரின் முறை வந்தால் ரொட்டியும் இறைச்சியும். நம்மவர் முறை வந்தால் புளிக்குழம்பும் கருவாடும், அந்த வாசத்துக்கு எதிராக அறையில் எழும் கூக்குரலும். பொதுமொழி ஓட்டை இந்தி. இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா, கஃபீல் எனப்படும் பொறுப்பேற்ற முதலாளி நல்லவரா, ஊருக்கு அனுப்பும் கார்கோ பெட்டி எத்தனை கிலோ என்பவை எல்லாருக்கும் ஒரே கவலைகள். இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும் நாளில் அந்த அறை இரண்டு நாடாகப் பிரிந்து கத்தும். மறுநாள் காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எதிரணிக்காரர்தான் கஞ்சி வைத்துக் கொடுப்பார்.

இத்தகைய அறைகளில் இருந்து திரும்பியவர்கள் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை நகைச்சுவைக் கதைகள். சம்பளம் வராத மாதங்களையும் வெயிலில் மயங்கி விழுந்ததையும் அவர்கள் விரித்துச் சொல்வதில்லை. அறைத்தோழன் ஒருவன் சமையலில் உப்பு என்று சோப்புத்தூளை அள்ளிப் போட்டதை நூறாவது முறையாகச் சொல்கிறார்கள். துயரத்தை மறைக்கத்தான் சிரிக்கிறார்கள் என்று இதை முடித்துவிடக் கூடாது. வீட்டில் வாப்பாவின் மகனாகவும் மாப்பிள்ளையாகவும் மட்டுமே இருந்த ஒருவன், தன் வீம்பு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்ததை, தன்னைத் தானே பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறான். திரைக்கதை ஆசிரியர் ஒருவர் ஒரு வாரம் அந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்தக் கரையைத் தமிழ்த் திரை இதுவரை பெரும்பாலும் கண்ணீரோடுதான் பார்த்திருக்கிறது. 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இராமேசுவரம் என்பது தாயொருத்தி குழந்தையை விட்டுச் செல்லும் அகதி முகாம். அது பொய்யான சித்திரம் இல்லை. 2025 மே 1 அன்று வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' அதே கரையிலிருந்து வேறொரு தொனியில் தொடங்கியது. பொருளாதார நெருக்கடியால் வாழ வழியின்றி இலங்கையிலிருந்து இரவில் கடல் கடக்கும் ஒரு குடும்பம் இராமேசுவரத்தில் கரையேறுகிறது. பிடித்த காவலரே அவர்களை விட்டுவிடுகிறார். சென்னையில் ஒரு தெருவில் குடியேறி, யாரோடும் யாரும் பேசாத அந்தத் தெருவின் கதவுகளை அவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டித் திறக்கிறார்கள். அபிஷன் ஜீவிந்தின் முதல் படமான அதில், அந்நியர் யார் என்னும் கேள்வி தலைகீழாகிறது. எதிர்வீட்டுக்காரரின் பெயரே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாழும் சென்னைவாசிகள்தாம் அங்கே அயலார். அவர்களுக்கும் ஒரு தேவை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாத வீம்பும் இருக்கிறது.

அந்தப் படத்தின் நகைச்சுவை பெருமளவு மொழியிலேயே இருக்கிறது. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் தாங்கள் யார் என்பதை மறைக்க அவர்கள் படும் பாடு, வேறு எந்த மொழியிலும் இந்த அளவு நுட்பமாக அமைய முடியாது. தெரியாத மொழி பேசுகிறவரிடம் நாம் பொறுமையாக இருப்போம். சைகையும் சிரிப்பும் கை கொடுக்கும். ஒரே மொழியைச் சற்று வேறு மாதிரிப் பேசுகிறவரிடம்தான் பொருள் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தவறான பக்கம் வெகுதூரம் போய்விடுகிறோம். இங்கே 'வெரசா வா' என்பதை அங்கே 'கெதியா வாங்கோ' என்பார்கள்; இங்கே அழகு, அங்கே வடிவு; இங்கே கிண்டல், அங்கே பகிடி. அந்தப் பகிடி என்னும் சொல் ஒன்றுக்காகவே எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் மேல் பெரும் பிரியம் உண்டு. கிண்டலில் இருக்கும் கூர்முனை, என் காதுக்கு, பகிடியில் இல்லை.

படத்தில் எனக்கு ஏற்பு இல்லாத இடமும் உண்டு. 2022 மார்ச் தொடங்கி உண்மையாகவே இப்படி வந்த குடும்பங்களில் பலரைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளில் இருட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு தண்ணீரின்றி நின்றவர்களை மீட்டு, விசாரித்து, மண்டபம் முகாமில் சேர்த்தார்கள். நூறாண்டுக்கு முன் தோட்டத் தொழிலாளர்கள் காத்துக் கிடந்த அதே மண்டபம். முகாம் வாழ்க்கையையும் சட்டத்தின் பிடியையும் படம் விரைவாகத் தாண்டிவிடுகிறது. நகைச்சுவைப் படத்துக்கு அந்தச் சலுகை வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 'சுடானி' அந்தச் சலுகையைக் கேட்கவில்லை; சாமுவேலின் தொலைந்த கடவுச்சீட்டும் அதன் பின்னால் இருக்கும் போலி அடையாளமும் படத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன, அப்படியிருந்தும் நாம் சிரிக்கிறோம். காகிதத்தின் பயத்தையும் சோற்றின் ஆறுதலையும் ஒரே காட்சியில் வைக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இந்த வகைப் படங்களுக்கு முடிவு எப்போதுமே ஒரு சிக்கல். பயணத்தில் தொடங்கிய நட்புக்குத் திரும்பும் நாள் முதலிலேயே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. இருவரையும் ஒரே ஊரில் நிரந்தரமாகக் குடியமர்த்தினால் கதை பொய்யாகும். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழவிட்டால் ஏற்கெனவே நூறு படங்களில் பார்த்ததாகும். 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' இதை நேர்த்தியாகக் கையாண்டது. ஊர் திரும்பும் விமானத்தில் சசி, தன் தாய்மொழிச் செய்தித்தாள் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். பிரெஞ்சுக்காரர் அந்தக் காட்சியில் இல்லை. அவள் கேட்கும் தோரணையில் அவர் இருக்கிறார். மஜீதின் கதையில், தன் தாய் மறுமணம் செய்துகொண்டவரோடு முகங்கொடுக்காமல் இருந்த மகனின் இறுக்கம் தளர்கிறது. அந்நியன் போன பிறகு வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் இத்தகைய படத்தின் முடிவாக இருக்க முடியும் என்று தோன்றுகிறது.

கச்சத்தீவில் காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பாடு தொடங்கிவிடும். படகு எண்ணைச் சொல்லி, பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து ஆட்களை ஏற்றுவார்கள். ஒருவர் குறைந்தாலும் படகு நகராது. பாம்பன் பெரியவர் கடைசி ஆளாக வந்தார். கையில் அந்த அம்மா கொடுத்த சோப்புக்கட்டிகளும் பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. கழுத்தில் கிடந்த துண்டை அங்கேயே எவருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் படகு கரையை விட்டு விலகியபோது அந்த அம்மா தண்ணீர் ஓரம் வரை வந்து, கையை உயர்த்தி, "அடுத்த வருசமும் வந்து நல்லாப் பேசுங்கோ அண்ணை" என்று கூவினார். அவரைச் சுற்றி நின்ற அவருடைய ஊர்க்காரர்கள், யாரை எதற்காக ஏசச் சொல்கிறார் என்று புரியாமல் எங்கள் படகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.